ரூட்டுக்கு மட்டும் அழைத்த மோடம்: டயல்-அப் அனுமதிகளைச் சரிசெய்த பதிவு

தங்கையின் கணக்கிலிருந்து மோடம் (தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை எட்டும் கருவி) இப்போது அழைக்கிறது, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் எதுவும் கேட்காமல். மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ். பின்பக்க ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டில் ஒரு 56கே வெளிமோடம். ரூட்டாக நுழைந்து அழைத்தால் ஆரம்பத்திலிருந்தே இணைப்பு கிடைத்தது. அவள் கணக்கில் அழைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. "ரூட் பாஸ்வேர்டைச் சொல்லிடுண்ணா, நானே போட்டுக்கறேன்" என்றாள். மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கணினியின் முழு அதிகாரத்தையும் ஒருவர் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ரூட்டுக்கு வேலை செய்கிறது என்பதே முதல் துப்பு. கேபிள், தொலைபேசிக் கம்பி, அழைக்கும் எண், சேவை தருபவர் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும், மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளை, எல்லாம் சரி. போர்ட் வேகம் 115200 என்று இருந்தது, அதைத் தொடவே இல்லை. சிக்கல் அனுமதியில்தான். இது தெரியாமல் மோடத்தின் அமைப்புகளை மாற்ற ஆரம்பித்தால் சரியாக இருப்பதும் கெட்டுப்போகும்.

வெளிமோடத்தில் எனக்குப் பிடித்தது முன்பக்க விளக்குகள். டிஆர் என்ற விளக்கு, கணினியில் ஏதோ ஒரு நிரல் போர்ட்டைத் திறந்த நொடியில் எரியும். ஓஎச் என்பது மோடம் தொலைபேசியை எடுத்துவிட்டது என்பதற்கு. சிடி, மறுமுனை மோடத்தின் ஒலி கிடைத்துவிட்டது என்பதற்கு. ரூட்டாக அழைக்கும்போது டிஆர், ஓஎச், சிடி என்று வரிசையாக எரிந்தன. தங்கையின் கணக்கில் டிஆர் கண் சிமிட்டக்கூட இல்லை. ஆக, மோடத்துக்கு ஒரு எழுத்துகூடப் போகவில்லை, போர்ட்டே திறக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிச் சோதனைக்குத் தொலைபேசிக் கம்பி தேவையே இல்லை. கம்பியைப் பிடுங்கிவிட்டு அழைத்தால் மோடம் 'நோ டயல்டோன்' என்று பதில் தரும். அந்தப் பதில் வந்தாலே போர்ட் திறந்தது, கட்டளை போனது, பதிலும் திரும்பியது என்று உறுதியாகிவிடும். அழைப்புக் கட்டணமும் மிச்சம். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் செய்தேன். சில மோடங்கள் இதே பதிலை 'நோ டயல் டோன்' என்று இடைவெளி விட்டுச் சொல்லும். சாட் ஸ்கிரிப்டில், அதாவது மோடத்துக்கு என்ன அனுப்பி என்ன பதிலை எதிர்பார்ப்பது என்ற பட்டியலில், 'இது வந்தால் நிறுத்து' என்னும் அபார்ட் வரியாக இரண்டையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அது பதிலை அடையாளம் தெரியாமல் நேரம் முடியும்வரை காத்துக்கொண்டே இருக்கும்.

போர்ட்டிலிருந்து தொடங்கினேன். டெவ் அடைவில் டிடிஒய்எஸ்0 என்ற கோப்புதான் முதல் சீரியல் போர்ட், விண்டோஸில் காம்1 என்பார்களே அதுவே. எல்எஸ் கட்டளையால் பார்த்தால் உரிமையாளர் ரூட், குழு டயல்அவுட், அனுமதி 660. உரிமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. தங்கையின் கணக்கு அந்தக் குழுவில் இல்லை.

கைக்கு முதலில் வந்த வழி, சிஎச்மாட் போட்டு அனுமதியை 666 ஆக்குவது. உடனே டிஆர் எரிந்தது. மறுநாள் கணினியைப் போட்டதும் பழையபடி 660. டெவ் அடைவு வட்டில் இருப்பதல்ல, நினைவகத்தில் இருப்பது. ஒவ்வொரு முறையும் கர்னலும், சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் யூடெவ் சேவையும் சேர்ந்து அதைப் புதிதாக உருவாக்கும், நாம் கையால் மாற்றியது நிற்காது. அப்படியே நின்றாலும் 666 நல்ல வழி இல்லை. கணினியில் ஓடும் எந்த நிரலும், எந்தப் பின்னணிச் சேவையும், கேட்காமலே தொலைபேசியை எடுத்து அழைக்கலாம் என்று ஆகிவிடும். டயல்-அப் பரவலாக இருந்த காலத்தில், பயனருக்குத் தெரியாமல் அதிகக் கட்டண எண்களுக்கு அழைத்து பில்லை ஏற்றும் டயலர் நிரல்கள் உண்மையாகவே திரிந்தன. போர்ட்டுக்கு ஒரு குழு வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, குழுவில் சேர்ப்பதே வழி. டெபியனில் ஆட்யூசர் கட்டளைக்குப் பயனர் பெயரையும் குழுவின் பெயரையும் கொடுத்தால் போதும். யூசர்மாட் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பெரிய ஜி மட்டும் போட்டால், பயனர் ஏற்கெனவே இருந்த துணைக்குழுக்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைக்கும். ஒலி, அச்சுப்பொறி, சூடோ எல்லாம் ஒரே அடியாகப் போய்விடும். சின்ன ஏ-யையும் சேர்த்துப் போட்டால்தான் இருப்பதோடு சேர்க்கும். குழு டெபியனிலும் ஃபெடோராவிலும் டயல்அவுட், ஆர்ச்சில் யூயூசிபி. எல்எஸ் எந்தப் பெயரைக் காட்டுகிறதோ அதில் சேருங்கள், மனப்பாடத்தை நம்ப வேண்டாம்.

சேர்த்த பிறகும் அவளுக்கு வேலை செய்யவில்லை. அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்பது அவர் உள்நுழையும்போது முடிவாகிறது. அந்தப் பட்டியல் அவருடைய மேசைச் சூழலுக்குப் போய், அதிலிருந்து திறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அப்படியே இறங்கும். குழுக் கோப்பில் பின்னால் பெயரைச் சேர்த்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு அது தெரியாது. முனையச் சாளரத்தை மூடித் திறந்தாலும் பயனில்லை, புதிய முனையமும் பழைய அமர்வின் பிள்ளைதானே.

இதைக் கண்டுபிடிக்க ஐடி கட்டளை போதும், ஆனால் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். பயனர் பெயரைக் கொடுத்து ஐடி கேட்டால் குழுக் கோப்பைப் படித்துச் சொல்லும், அதில் டயல்அவுட் இருந்தது. பெயர் கொடுக்காமல் வெறும் ஐடி என்றால் இந்த அமர்வு கையில் வைத்திருக்கும் பட்டியலைச் சொல்லும், அதில் டயல்அவுட் இல்லை. இரண்டும் வேறுபட்டால் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும் என்று பொருள். சில மேசைச் சூழல்களில் வெளியேறிய பிறகும் பயனரின் பின்னணிச் சேவைகள் சில நொடிகள் உயிரோடு இருக்கும். உடனே திரும்ப நுழைந்தால் பழைய பட்டியலே ஒட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் கணினியையே மறுபடி தொடங்கிவிடுங்கள்.

என்னை வழிதவற வைத்தது எஸ்யூ கட்டளை. என் முனையத்திலிருந்து எஸ்யூ போட்டு அவள் கணக்காக மாறிச் சோதித்தால் எல்லாம் சரியாக நடந்தது. அவள் தன் மேசையில் உட்கார்ந்து செய்தால் மறுத்தது. எஸ்யூவும் சூடோவும் மாறும் நேரத்தில் குழுப் பட்டியலைப் புதிதாகப் படித்துக்கொள்கின்றன, அதனால் அவற்றின் வழியாகச் செய்யும் சோதனை எப்போதும் நல்ல செய்தியே சொல்லும். அவளுடைய அமர்வில் நடப்பது அதில் தெரியாது. அவளிடம் எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் திறந்து வைத்திருந்த முனையத்தில் வெறும் ஐடி அடித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

மறுபடி நுழைந்ததும், மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்து ஏடி என்று அடித்தேன். ஓகே என்று பதில் வந்தது. டிஆர் எரிந்துகொண்டிருந்தது. போர்ட் முடிந்தது.

அப்புறம் பிஆன் கட்டளை. இது பிபிபிடி நிரலை, அதாவது தொலைபேசி அழைப்பின் மேல் இணைய இணைப்பை ஏற்படுத்தும் நிரலை, அழைக்கும் சிறிய ஸ்கிரிப்ட். அவள் கணக்கில் ஓட்டியபோது, இணைப்பின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் பியர்ஸ் அடைவில் அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்றது. நான் கையால் எழுதிய கோப்பு, ரூட்டாகப் பார்த்தால் அங்கேயே இருக்கிறது. அடைவின் அனுமதியைப் பார்த்தேன். உரிமையாளர் ரூட், குழு டிப், 2750. குழுவில் இல்லாதவர் அந்த அடைவுக்குள் நுழையவே முடியாது. கோப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் கேட்டால், இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். அனுமதி இல்லை என்பதை இல்லவே இல்லை என்று சொல்லும் செய்திகளை நம்பிக் கோப்பை மறுபடி எழுத உட்காராதீர்கள்.

பிபிபிடி நிரலும் இதே டிப் குழுவின் காவலில்தான் இருக்கிறது. அதன் அனுமதி 4754. முன்னால் இருக்கும் 4, யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் என்பதற்கு. கடைசி 4, மற்றவர்கள் படிக்கலாம், ஓட்ட முடியாது என்பதற்கு. வலை இடைமுகத்தை உருவாக்குவது, இயல்பு வழியைப் போடுவது எல்லாம் ரூட் வேலை என்பதால் அந்த 4 தேவை. இதை 4755 ஆக்கிவிடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. செய்ய வேண்டாம். ரூட்டாக ஓடும் ஒரு நிரலை எல்லாருக்கும் திறந்துவிடுவதை விட ஒருவரைக் குழுவில் சேர்ப்பது எளிது. போதாததற்கு, அடுத்த முறை பிபிபி பொதியைப் புதுப்பிக்கும்போது கையால் போட்ட அனுமதி பழையபடி ஆகிவிடும்.

டிப்பிலும் சேர்த்து, வெளியேறி நுழைந்தாயிற்று. பிஆனை விட்டுவிட்டு பிபிபிடியை நேரடியாக, போர்ட், வேகம், நோஆத் என்று எல்லாவற்றையும் கட்டளை வரியிலேயே கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். நோஆத் விருப்பத்துக்கு ரூட் உரிமை வேண்டும் என்று நின்றுவிட்டது. மறுமுனை தன்னை நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான் நோஆத். சேவை தருபவர் நம்மிடம் கடவுச்சொல் சொல்லப்போவதில்லை, அதனால் டயல்-அப்பில் இது கட்டாயம். ஆனால் யார் வேண்டுமானாலும் கட்டளை வரியில் இதைக் கொடுக்க பிபிபிடி விடாது. ரூட் எழுதிய பியர்ஸ் கோப்புக்குள் இருந்து, கால் என்ற விருப்பத்தின் வழியாக அழைத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும். என்ன செய்யலாம் என்பதை நிர்வாகி கோப்பில் எழுதி வைக்கிறார், பயனர் அதைப் பெயர் சொல்லி அழைக்கிறார். நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. போர்ட்டின் பெயர் பியர்ஸ் கோப்பில் இருந்தால் பிபிபிடி அதை ரூட்டாகவே திறக்கும். கட்டளை வரியில் பயனர் கொடுத்தால், முதலில் அந்தப் பயனராக இறங்கிவிட்டுத்தான் திறக்கும். ஆகவே பிஆன் மட்டும் போதும் என்பவருக்கு டிப் குழுவே போதும், டயல்அவுட் தேவையில்லை. மினிகாம், டபிள்யூவிடயல் என்ற அழைப்பு நிரல், ஃபேக்ஸ் நிரல் போன்றவை போர்ட்டைத் தாங்களே திறப்பவை, அவற்றுக்கு டயல்அவுட்டும் வேண்டும். இரண்டு குழுக்களையும் ஒன்றென நினைத்து ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டுத் திண்டாடுவது இதனால்தான்.

பியர்ஸ் கோப்பின் பெயரைச் சொல்லி, கால் வழியாகவே பிபிபிடியை அழைத்தேன். இப்போது டிஆர் ஒரு நொடி எரிந்து அணைந்தது. ஓஎச் எரியவில்லை. பிபிபிடி விட்டுச் சென்ற வெளியேற்ற எண் 8, அதாவது இணைக்கும் ஸ்கிரிப்ட் தோற்றது. இந்த எண்கள் கையேட்டில் இருக்கின்றன, பார்த்துப் பழகினால் பாதி வேலை குறையும். 3 என்றால் நிரலில் ரூட் அதிகாரக் குறி இல்லை. 7 என்றால் போர்ட் திறக்கவில்லை. 16 என்றால் மோடம் இணைப்பைத் துண்டித்துவிட்டது. 19 என்றால் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுமுனை ஏற்கவில்லை. கட்டளை முடிந்த உடனே ஷெல்லில் கடைசி வெளியேற்ற எண்ணைக் கேட்டால் கிடைக்கும். பிபிபிடி முன்னணியில் இருக்க வேண்டும் என்பதால் நோடிடாச் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

8-க்குக் காரணம் சாட் ஸ்கிரிப்ட். பிபிபிடி ரூட்டாக ஓடினாலும், சாட் நிரலை அழைக்கும்போது கூப்பிட்ட பயனராக மாறிவிட்டுத்தான் ஓட்டும். அதனால் சாட்ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இருக்கும் கோப்பைப் பயனர் படிக்க முடிய வேண்டும். அங்கே புதிதாக எழுதும் கோப்புக்கு டிப் குழு தானாகவே வந்துவிடும், அடைவின் அனுமதியில் அதற்கான குறி உண்டு. ஆனால் என் ரூட் கணக்கின் யூமாஸ்க், அதாவது புதிய கோப்புகளுக்கு எந்த உரிமைகளை மறுப்பது என்ற அமைப்பு, 077. கோப்பு 600 ஆகப் பிறந்திருந்தது: குழு டிப், குழுவுக்கு உரிமை எதுவும் இல்லை. எல்எஸ் வரியில் டிப் என்ற பெயரைப் பார்த்ததும் சரி என்று கண் தாண்டிப் போய்விடும், பக்கத்து எழுத்துகளையும் படிக்க வேண்டும். 640 ஆக்கினேன். 644 வேண்டாம், அழைக்கும் எண்ணும் சில இடங்களில் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். அதே காரணத்துக்காக சாட்டுக்கு வரிகளைக் கட்டளையிலேயே கொடுக்காமல் கோப்பாகவே கொடுப்பது நல்லது. கட்டளையில் கொடுத்தால், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையைப் போடுபவர் எல்லாருக்கும் தெரியும்.

கம்பியைத் திரும்பச் செருகி அழைத்தேன். டிஆர், ஓஎச், அந்தப் பழக்கமான கீச்சொலி, சிடி. பதிவேட்டில் 'கனெக்ட் 45333' என்று விழுந்தது. எண்ணை அழுத்தியதிலிருந்து இணைய முகவரி கிடைக்கும்வரை அரை நிமிடத்துக்கும் குறைவு. தங்கை அஞ்சலைத் திறந்தாள்.

கடவுச்சொல் இருக்கும் பேப்-சீக்ரெட்ஸ் கோப்பைத் தொடவில்லை. அது ரூட்டுக்கு மட்டும் 600. பிபிபிடி அதை ரூட்டாகப் படிப்பதால் பயனருக்கு அங்கே உரிமை எதுவும் தேவையில்லை. டபிள்யூவிடயல் மட்டும் அந்தக் கோப்பில் தானே எழுதப் பார்த்து, முடியாமல், அனுமதி மறுக்கப்பட்டது என்று எச்சரிக்கும். பயப்பட வேண்டாம். சரியான பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டாக முன்பே அதில் எழுதி வைத்திருந்தால் அந்த எச்சரிக்கையோடே இணைப்பு வரும். எச்சரிக்கையை நிறுத்துவதற்காகக் கோப்பை எல்லாருக்கும் திறந்துவிடுவதுதான் தவறு.

ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பிடிக்காமல் தடுக்கும் பூட்டுக் கோப்பால் இன்னொரு தடங்கல். ஒப்பிட்டுப் பார்க்க ரூட்டாக டபிள்யூவிடயலை ஓட்டி, அது நின்றுபோனதால் கில் மைனஸ் 9 கொடுத்து வலுக்கட்டாயமாக முடித்திருந்தேன். அதன் பிறகு தங்கையின் கணக்கில் மினிகாம், போர்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்றது. வார் அடைவுக்குள் லாக் அடைவில், எல்சிகே என்று தொடங்கி, இரண்டு புள்ளிகளுக்குப் பின் போர்ட்டின் பெயரோடு ஒரு கோப்பு. உள்ளே பத்து எழுத்து அகலத்தில், முன்னால் இடைவெளிகளோடு ஒரு ப்ராசஸ் எண். பிஎஸ்ஸில் தேடினால் அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை. வழக்கமாக இப்படிச் செத்த பூட்டை அடுத்த நிரலே நீக்கிவிடும். ஆனால் அந்த அடைவு 1777, அதாவது அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்கலாம். பூட்டு ரூட்டுடையது, மினிகாம் ஓடுவது தங்கையாக. ரூட்டாக நீக்கியதும் சரியானது. கணினியை மறுபடி தொடங்கினாலும் போயிருக்கும், அந்த அடைவும் நினைவகத்தில்தான்.

பிற்பாடு அதே கணினியில் ஒரு யூஎஸ்பி மோடத்தையும் பொருத்திப் பார்த்தேன். அதன் போர்ட் டிடிஒய்ஏசிஎம்0. குழு அதே டயல்அவுட், புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் செருகிய உடனே அழைத்தால் போர்ட் வேறு யாரிடமோ இருக்கிறது என்ற செய்தி. மோடம்மேனேஜர் என்ற சேவை, புதிதாக வரும் இப்படிப்பட்ட போர்ட்டைத் திறந்து இது செல்பேசி மோடமா என்று விசாரிக்கும். இது அனுமதிச் சிக்கல் இல்லை, பார்க்க மட்டும் அப்படித் தெரியும். யூடெவ் விதி ஒன்று எழுதினேன்: அந்த மோடத்தின் தயாரிப்பாளர் எண்ணைக் கண்டால் மோடம்மேனேஜர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், மோடம் என்ற பெயரில் ஒரு இணைப்புக் கோப்பும் வர வேண்டும் என்று. அந்த இணைப்புக் கோப்பை எல்எஸ்ஸில் பார்த்தால் எல்லாருக்கும் எல்லா உரிமையும் இருப்பதுபோலக் காட்டும், அதை நம்பக் கூடாது. பெரிய எல் போட்டு, அது சுட்டும் உண்மையான போர்ட்டைப் பாருங்கள்.

பியர்ஸ் கோப்பில் கடைசியாக ஐடில் 600 சேர்த்தேன். பத்து நிமிடம் போக்குவரத்து இல்லையென்றால் இணைப்பு தானே அறும். பிஆஃப் போட்டு அவளே துண்டிக்கவும் முடிகிறது, அவள் தொடங்கிய பிபிபிடி அவளுடையதே என்பதால். நான் ரூட்டாகத் தொடங்கிய இணைப்பை அவளால் துண்டிக்க முடியாது. பிலாக் கட்டளையில் அழைப்பின் பதிவேட்டைப் பார்க்க ஏடிஎம் (adm) என்ற மூன்றாவது குழு வேண்டும், அதில் அவளைச் சேர்க்கவில்லை. மற்ற எல்லாப் பதிவேடுகளும் கூடவே திறந்துவிடும்.

அடுத்த முறை இப்படி ஒரு கணினி அமைத்தால் ரூட்டாக ஒரு தடவைகூட அழைக்க மாட்டேன். முதல் அழைப்பே சாதாரணக் கணக்கிலிருந்து, கம்பி இல்லாமல், நோ டயல்டோன் வரும்வரை. கணக்கு உருவாக்கும்போதே இரண்டு குழுக்களிலும் சேர்த்துவிடுவேன், அமர்வு பழையதா புதியதா என்ற பிரச்சினையே எழாது. சாட் கோப்பை எழுதும் முன் யூமாஸ்க்கை 027 ஆக்கிக்கொள்வேன். தங்கை வேறு இணைப்புக்கு மாறும் நாளில் டெல்யூசர் போட்டு இரண்டு குழுக்களிலிருந்தும் அவள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று பியர்ஸ் கோப்பின் தலையிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.